முதல் மிகுபுனைவு நாவலுக்குத் திரள்நிதி: இலக்குத் தொகையை எப்படி முடிவு செய்வது?

பனிவாசல் கேட்டது:

வணக்கம். ஆறு ஆண்டுகளாக எழுதிவந்த மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலின் முதல் பாகத்தைச் சென்ற மாதம்தான் முடித்தேன். மூன்று பாகங்களாக வரவேண்டிய கதை இது. இரண்டாம் பாகம் பாதிவரை எழுதப்பட்டிருக்கிறது, மூன்றாம் பாகத்துக்குக் குறிப்பேடு மட்டுமே இருக்கிறது. சில பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பார்த்தேன். பெயர் தெரியாத ஒருவரின் மூன்று பாகக் கதையில் முதலீடு செய்யத் தயக்கமாக இருக்கிறது என்று இரண்டு இடங்களில் மரியாதையாகச் சொன்னார்கள். மற்ற இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. எனவே வாசகர்களிடம் முன்பணம் திரட்டும் திரள்நிதி மூலம் நானே வெளியிடலாம் என்று எண்ணி, அதற்கான கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் நடந்து முடிந்த நாவல் திட்டங்களைக் கடந்த சில வாரங்களாக ஒவ்வொன்றாகப் படித்துவருகிறேன்.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள நூலுக்கு ஒருவர் கேட்ட தொகையைப் போல இன்னொருவர் பத்து மடங்கு கேட்டிருக்கிறார். இருவருடைய இலக்கும் எட்டப்பட்டிருக்கிறது. யாரும் தங்கள் கணக்கை விவரமாக எழுதுவதில்லை, ஒரு வட்டப் படம் போட்டு 'அச்சு, ஓவியம், அஞ்சல்' என்று மூன்று வண்ணம் தீட்டிவிடுகிறார்கள்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். ஆறுக்கு ஒன்பது அங்குல அளவில் பக்கம் அமைத்துப் பார்த்ததில் 480 பக்கம் வருகிறது. கெட்டி அட்டை, வண்ணம் பூசிய பக்க விளிம்புகள், உள்ளட்டைத் தாளில் இரு பக்கங்களுக்கும் விரியும் வரைபடம், கதையில் வரும் ஐந்து குலங்களின் சின்னங்கள் பொறித்த ஐந்து உலோகப் பின்கள் ஆகியவற்றைத் தரலாம் என்று நினைத்திருக்கிறேன். அட்டை ஓவியரிடமும் வரைபடக் கலைஞரிடமும் விலை கேட்டு வைத்திருக்கிறேன். ஓர் அச்சகத்தில் ஆயிரம் பிரதிகளுக்கான விலையும் கையில் இருக்கிறது. அதே கற்பனை உலகில் நடக்கும் சிறுகதைகளை மாதந்தோறும் மின்னஞ்சலில் அனுப்பிவருகிறேன், அதற்கு 340 பேர் பதிவு செய்திருக்கிறார்கள்.

இலக்குத் தொகையை எந்த அடிப்படையில் முடிவு செய்வது என்பதுதான் முதன்மையான ஐயம். என்னைப் போன்ற புதியவருக்கு இது ஒத்துவருமா, பிரதியைச் செப்பனிடுவதற்கான செலவையும் திரள்நிதியிலேயே சேர்க்கலாமா என்பனவும் கூடவே எழுகின்றன. நூலாகக் கொண்டுவந்த அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏட்டுச்சுவடி எழுதிய பதில்:

இரண்டு நாவல்களை இம்முறையில் கொண்டுவந்தவள் என்ற வகையில் எழுதுகிறேன். முதலாவதில் கையைச் சுட்டுக்கொண்டேன், இரண்டாவதில் தப்பித்தேன். ஆகவே என் முதல் நூலைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல முடியும்.

நீங்கள் படித்த திட்டங்களில் 2022 மார்ச்சில் அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் நடத்தியதும் இருந்திருக்கும். நான்கு நாவல்கள், பணம் கட்டிய 1,85,000க்கும் மேற்பட்ட ஆதரவாளர்கள், 4 கோடியே 17 லட்சம் டாலர். இந்த எண்களைப் பார்த்துவிட்டு மிகுபுனைவுக்குத் திரள்நிதித் தளத்தில் தனி மவுசு இருக்கிறது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவருடைய முதல் நாவல் 2005இல் வந்தது. பதினேழு ஆண்டுகளாகச் சேர்ந்த வாசகர்களை ஒரே மாதத்தில் ஒரே வாசலுக்கு வரவழைத்ததுதான் அங்கு நடந்தது. நான்கு நாவல்களும் திட்டம் தொடங்கும் முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தன, நூல்களைக் கட்டி அனுப்புவதற்குச் சொந்த நிறுவனமும் ஆட்களும் இருந்தார்கள். நம் வாசகர் கூட்டம் அதில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும், எழுதி முடித்த பிரதியோடு வாசலுக்கு வருவது என்ற ஒன்றை மட்டும் நாமும் அவரைப் போலவே செய்யலாம்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். செலவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பிரதி விற்றாலும் ஆயிரம் விற்றாலும் மாறாதவை ஒரு பக்கம்: செப்பனிடல், அட்டை ஓவியம், வரைபடம், பக்க வடிவமைப்பு, மெய்ப்புப் பிரதிகள். பிரதிக்குப் பிரதி கூடுபவை இன்னொரு பக்கம்: அச்சு, கட்டு, பெட்டி, அஞ்சல், தளக் கட்டணம். ஆதரவாளர் ஒருவர் கெட்டி அட்டைப் பிரதிக்கு அஞ்சல் நீங்கலாக 100 பங்கு (எந்த நாணயமானாலும் சரி) தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிக்ஸ்டார்ட்டர் அதில் 5 எடுத்துக்கொள்ளும், பணம் கைமாறும் கட்டணமாக இன்னும் 3 முதல் 5 வரை போகும். அச்சுக்கும் கட்டுக்கும் 35, பெட்டிக்கு 4, வழியில் நசுங்கும் பிரதிகளை மாற்றித் தருவதற்கு 2 என்று ஒதுக்கினால், கையில் நிற்பது ஏறத்தாழ 50. மாறாச் செலவு மொத்தம் 6,000 பங்கு என்றால் 120 ஆதரவாளர்கள் வந்தால்தான் உங்கள் சட்டைப்பையிலிருந்து எதுவும் போகாமல் நூல் வரும். 120 பேர் தரும் தொகையே உங்கள் குறைந்தபட்ச இலக்கு. இதைவிடக் குறைத்துக் கேட்டால் சீக்கிரம் எட்டிய பெருமை கிடைக்கும், கூடவே கடனும் கிடைக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்ததும் அதில்தான். ஆஃப்செட் அச்சில் தட்டு தயாரித்து இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும் செலவு பெரியது; அது ஆயிரம் பிரதிகளின் மேல் பரவும்போது ஒரு பிரதியின் விலை சல்லிசாகத் தெரியும், 150 பிரதிகளின் மேல் பரவும்போது அதே விலை இரட்டிப்பாகிவிடும். உங்கள் கையில் இருப்பது ஆயிரத்துக்கான விலை. இலக்கை மயிரிழையில் எட்டினால் எத்தனை பிரதி அச்சிடுவீர்களோ அந்த எண்ணிக்கைக்கு விலை கேளுங்கள், அதை வைத்தே 35 என்ற இடத்தை நிரப்புங்கள். நான் ஐந்நூறு பிரதிக்கான விலையை வைத்துக் கணக்குப் போட்டேன். வந்தவர்கள் 140 பேர். இலக்கு எட்டப்பட்டது என்று எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருந்த இரவில் நான் மட்டும் கணக்கேட்டை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

அடுத்தது எடை. எழுதுகிறவர்களுக்கு இது கடைசியில்தான் நினைவுக்கு வரும். உங்கள் 480 பக்கம் என்பது 240 தாள். ஆறுக்கு ஒன்பது அங்குலத் தாள் ஒன்றின் பரப்பு 0.0348 சதுர மீட்டர். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் உள்பக்கங்கள் மட்டும் ஏறத்தாழ 670 கிராம். கெட்டி அட்டைக்கும் மேலுறைக்கும் 200 கிராம் சேர்த்து, பெட்டியில் வைத்து மூலைகளுக்கு அட்டைத்தாள் முட்டுக் கொடுத்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். பெரும்பாலான அஞ்சல் கட்டணப் பட்டியல்களில் ஒரு கிலோ என்பது ஒரு படி. அதைப் பத்து கிராம் தாண்டினாலும் அடுத்த படியின் முழுக் கட்டணம்தான். 70 ஜிஎஸ்எம் தாளுக்கு மாறினால் 84 கிராம் குறையும். தாளைத் தேர்வு செய்யும்போது கையில் எப்படி இருக்கிறது என்பதோடு தராசில் எவ்வளவு காட்டுகிறது என்பதையும் பாருங்கள்.

அஞ்சல் கட்டணத்தைத் திட்டம் நடக்கும்போதே வாங்கினால் அதுவும் திரண்ட தொகையில் சேர்ந்துகொள்ளும். தளம் தன் 5 விழுக்காட்டை அதன் மீதும் எடுக்கும். திட்டம் முடிவதற்கும் நூல் அச்சாகி வருவதற்கும் இடையில் கட்டணம் உயர்ந்தால் இழப்பு உங்களுடையது. நூல் கையில் வந்து, எடையும் தெரிந்த பிறகு தனியாக வசூலிப்பதற்கு வழிகள் உள்ளன. அப்படிச் செய்வதாக இருந்தால் பக்கத்தின் மேல்பகுதியிலேயே, நாடு வாரியான உத்தேசத் தொகையுடன் சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2021 ஜூலை 1க்கு முன் 22 யூரோ வரையுள்ள பொதிகளுக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை, இப்போது அந்த விலக்கு இல்லை. நீங்கள் முன்கூட்டி ஏற்பாடு செய்யாவிட்டால் வாசகர் தன் வீட்டு வாசலில் வரியையும் கையாளும் கட்டணத்தையும் கட்டித்தான் பொதியை வாங்க வேண்டியிருக்கும்.

பின்களை விட்டுவிடுங்கள் என்பதே என் துணிபு. ஐந்து சின்னம் என்றால் ஐந்து அச்சு வார்ப்பு, ஐந்து குறைந்தபட்சக் கொள்முதல், பொறுக்கிப் போடும்போது ஐந்து பிழைகளுக்கான வாய்ப்பு. அமெரிக்க அஞ்சல் துறையில் நூல்களுக்கென்று 'மீடியா மெயில்' என்ற மலிவான உள்நாட்டுக் கட்டணம் இருக்கிறது. பெட்டிக்குள் உலோகப் பின் போனால் அந்தச் சலுகைக்குத் தகுதி போய்விடும். நாவலை விற்க வந்தவர் எடை குறைந்த நகைக்கடை நடத்த வேண்டியதில்லை.

வரைபடத்தைப் பற்றி ஒரு சொல். என் முதல் நூலின் உள்ளட்டையில் இரு பக்கமும் விரியும் வரைபடம் போட்டோம். கலைஞர் அழகாக வரைந்திருந்தார், அச்சகமும் வந்த கோப்பை அப்படியே அச்சிட்டது. பெட்டியைத் திறந்து முதல் பிரதியை விரித்துப் பார்த்தபோது, நாவலின் பாதிக் கதை நடக்கும் தலைநகரம் மடிப்புக்குள் போய் மறைந்திருந்தது. ஆறு மட்டும் ஒரு பக்கத்தில் மறைந்து மறுபக்கத்தில் எழுந்தது. நடுமடிப்பின் இருபுறமும் எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு மலையோ கடலோ தவிர வேறெதையும் வைக்க வேண்டாம் என்று கலைஞரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

உங்கள் 340 பேரைப் பற்றிக் கேட்டால், கசப்பாகத்தான் சொல்வேன். என் முதல் திட்டத்தில் மின்னஞ்சல் பட்டியலில் இருந்த பத்துப் பேருக்கு ஒருவர்தான் பணம் கட்டினார், அவர்களும் என் கதைகளைத் தொடர்ந்து படித்தவர்கள். அந்த விகிதத்தில் உங்களுக்கு 34 பேர். தளத்தில் உலவும் அந்நியர்கள் வருவார்கள், ஆனால் அவர்கள் பாதி நிரம்பிய திட்டத்தைத் தேடித்தான் வருவார்கள். முதல் இரண்டு நாள்களிலும் கடைசி இரண்டு நாள்களிலும் பணம் வரும். நடுவில் மூன்று வாரம் பாலைவனம். முதல் இரண்டு நாள்களை நிரப்ப உங்களவர்களை விட்டால் யாரும் இல்லை.

முன்வரிசைவாசகர் எழுதிய பதில்:

நான் எழுதுகிறவன் அல்லன், பணம் கட்டுகிறவன். எட்டு ஆண்டுகளாக மிகுபுனைவு நாவல்களுக்கு மட்டும் ஆதரவு தந்துவருகிறேன். மேலே ஏட்டுச்சுவடி அம்மா எழுதிய கணக்கு எனக்கே புதிதாக இருந்தது. அதைத் திட்டப் பக்கத்திலேயே எழுதினால் பாதிப் பேருக்கு நம்பிக்கை வந்துவிடும். எந்தச் செலவுக்கு எவ்வளவு என்பதை விட, 'இத்தனை பேர் வந்தால் இந்த அச்சகத்தில் இத்தனை பிரதி' என்ற ஒரு வரி எனக்குப் போதும், எழுதியவர் விலை கேட்டிருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

திட்டப் பக்கத்தைத் திறந்தவுடன் நான் தேடுவது மாதிரி அத்தியாயத்தை. வியக்கத்தக்க அளவில் பலர் அதை வைப்பதில்லை. ஐந்து குலம், மூன்று சூரியன், ஆயிரம் ஆண்டுப் போர் என்று உலகத்தைப் பற்றி இரண்டு திரைக்கு எழுதுகிறார்கள், அந்த உலகில் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வரும் ஒரு பத்தியைக் காட்டுவதில்லை. ஓவியத்தைப் பார்த்து நின்று, உரைநடையைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறேன். முதல் மூன்று அத்தியாயங்களைப் பதிவோ மின்னஞ்சல் முகவரியோ கேட்காமல் பிடிஎஃப் ஆகக் கொடுங்கள்.

காலதாமதத்தைப் பற்றி எழுத்தாளர்கள் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள் என்று நினைக்கிறேன். முன்பணம் வாங்கி நூல் வெளியிடுவது இணையத்தோடு வந்த வழக்கம் அன்று. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் ஹோமரின் இலியட் மொழிபெயர்ப்பை 1715 தொடங்கி 1720 வரை ஆறு தொகுதிகளாக, முன்கூட்டியே பணம் கட்டியவர்களின் பலத்தில்தான் கொண்டுவந்தார். பேனாவை நம்பி வாழ அது அவருக்கு வழி செய்தது. ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் ஷேக்ஸ்பியர் பதிப்புக்கு 1756இல் அறிவிப்பு வெளியிட்டுப் பணம் வாங்கினார், நூல் வந்தது 1765இல். ஒன்பது ஆண்டு! சந்தாதாரர்களின் பட்டியலைத் தொலைத்துவிட்டேன், பணத்தையும் செலவழித்துவிட்டேன் என்ற பொருள்பட அவர் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கு ஓர் எழுத்தாளர் அப்படிச் சொன்னால் பின்னூட்டப் பகுதி தீப்பிடித்துவிடும்.

நான் ஆதரவு தந்தவற்றுள் பாதிக்கு மேல் சொன்ன மாதத்தில் வரவில்லை, அதற்காக யாரையும் நொந்துகொண்டதும் இல்லை. ஒரே ஒருவரை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை. முதல் பாகத்துக்குப் பணம் வாங்கி, 'அட்டை அச்சாகிக்கொண்டிருக்கிறது' என்று எழுதிவிட்டு, அது வந்து சேரும் முன்பே இரண்டாம் பாகத்துக்குப் புதிய திட்டத்தைத் தொடங்கினார். முதல் பாகத்தின் அஞ்சல் செலவுக்கு இரண்டாம் பாகத்தின் பணம் தேவைப்பட்டிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. எனவே மூன்று பாகம் எழுதும் உங்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு பாகம் கடைசி ஆதரவாளரின் கைக்குப் போய்ச் சேரும்வரை அடுத்ததற்குக் கல்லாப்பெட்டியைத் திறக்காதீர்கள்.

மெய்ப்புமேசை எழுதிய பதில்:

செப்பனிடலும் பக்க வடிவமைப்பும் என் தொழில். சொந்தமாக வெளியிடும் நாவலாசிரியர்களோடுதான் பெரும்பாலும் வேலை செய்கிறேன். மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

செப்பனிடும் செலவை இலக்கில் சேர்க்கலாம், பலரும் சேர்க்கிறார்கள். ஆனால் செப்பனிடும் வேலையைத் திட்டத்துக்குப் பிறகு வைக்காதீர்கள். கைப்பணத்தில் முடித்துவிட்டு, அந்தத் தொகையை இலக்கின் வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தொழில் பற்றால் சொல்லவில்லை. நீங்கள் 480 பக்கம் என்கிறீர்கள். ஆறு ஆண்டுகளாக எழுதப்பட்ட முதல் நாவல் எதுவும் என் மேசையைக் கடக்கும்போது அதே பக்க எண்ணோடு போனதில்லை. பக்கம் மாறினால் எடை மாறும், எடை மாறினால் அஞ்சல் மாறும், நூலின் முதுகு அகலம் மாறும், முதுகு மாறினால் ஓவியர் வரைந்து முடித்த அட்டையில் தலைப்பு இடம் தப்பி நிற்கும். மேலே ஒரு கிலோ எல்லையைப் பற்றி எழுதியிருந்தார்கள். உங்கள் நூல் அந்த எல்லையின் எந்தப் பக்கம் நிற்கும் என்பதைச் செப்பனிடுகிறவர்தான் முடிவு செய்யப்போகிறார்.

அச்சில் பக்கங்கள் பதினாறு பதினாறாக ஒரு ஃபாரமாக ஓடும். 480 என்பது சரியாக முப்பது ஃபாரம். 483 பக்கம் வந்தால் முப்பத்தொன்றாவது ஃபாரத்துக்குத் தாளும் ஓட்டமும் கொடுத்து, பதின்மூன்று வெற்றுப் பக்கங்களை வாசகருக்குப் பரிசளிப்பீர்கள். ஆதரவாளர்களின் பெயர்ப்பட்டியலை நூலின் இறுதியில் சேர்ப்பதாக வாக்களிக்கும் வழக்கம் இருக்கிறதே, அதற்கு எத்தனை பக்கம் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்கான இடத்தைக் கடைசி ஃபாரத்தில் விட்டுவையுங்கள்.

ஏட்டுச்சுவடி அவர்களோடு ஓரிடத்தில் உடன்படவில்லை. ஆஃப்செட் ஓட்டம் தேவையென்று எடுத்துக்கொண்டே அவர் கணக்குப் போடுகிறார். 34 பேரோ 120 பேரோ வரப்போகும் ஒரு முதல் நாவலுக்கு, தேவைக்கேற்ப அச்சிடும் டிஜிட்டல் முறையே போதும் என்பது என் கருத்து. பிரதி விலை கூடத்தான் செய்யும், ஆனால் கட்டிலுக்கு அடியில் நானூறு பிரதிகள் தங்காது. வண்ண விளிம்பும் தங்க ஃபாயிலும் தேவைக்கேற்ப அச்சிடும் எல்லா இடங்களிலும் கிடைக்காது என்பது உண்மைதான். முதல் பாகத்தை எளிய பதிப்பாகக் கொண்டுவந்து, மூன்று பாகங்களும் முடிந்த பிறகு அலங்காரப் பதிப்புக்குத் திரள்நிதி கேட்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அப்போது ஒரே அச்சகத்தில், ஒரே தாளில், ஒரே நாளில் மூன்றையும் ஓட்டலாம். மூன்று ஆண்டு இடைவெளியில் தனித்தனியாக அச்சிட்ட மூன்று பாகங்களை அலமாரியில் நிறுத்திப் பாருங்கள்: நீலம் மூன்று நீலமாக இருக்கும், உயரம் ஒரு மில்லிமீட்டர் கூடிக் குறையும். மிகுபுனைவு வாசகர்கள் இதைக் கவனிப்பார்கள், உங்களிடம் சொல்லவும் செய்வார்கள்.

மின்னூலைப் பற்றி யாரும் பேசவில்லை. சொந்தமாக மின்னூல் வெளியிடுவோருக்கான அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் மின்னூலைச் சேர்த்தால், 90 நாள்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் எந்த வடிவிலும் விநியோகிக்கப்படக் கூடாது என்பது நிபந்தனை. ஆதரவாளர்களுக்கு மின்னூல் தருவதாக வாக்களித்துவிட்டு, அதை அனுப்பும் முன்பே அங்கே சேர்த்தால் இரண்டில் ஒரு வாக்கை மீற வேண்டிவரும். முதலில் ஆதரவாளர்கள் எல்லோருக்கும் அனுப்பி முடியுங்கள், பிறகு சேருங்கள். அச்சு நூலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அட்டைக்கோ வரைபடத்துக்கோ செயற்கை நுண்ணறிவுக் கருவி எதையாவது பயன்படுத்தியிருந்தால் கிக்ஸ்டார்ட்டரில் 2023 முதல் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீங்கள் ஓவியர்களை அமர்த்தியிருப்பதால் சிக்கல் இல்லை. அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

பனிவாசல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு அச்சகத்துக்கு மறுபடியும் எழுதி 150 பிரதிகளுக்கு விலை கேட்டேன். இன்று காலை வந்த பதிலைப் பார்த்த பிறகு, ஆயிரம் பிரதிகளுக்கான அந்தப் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஏட்டுச்சுவடி அவர்கள் இரட்டிப்பு என்று எழுதியிருந்தார்கள், எனக்கு வந்தது அதற்கும் சற்று மேல்.

பின்கள் போய்விட்டன. ஐந்து குலங்களின் சின்னங்களையும் ஒவ்வொரு பகுதியின் தொடக்கப் பக்கத்திலும் கறுப்பு மையில் வரைந்துவிடலாம் என்று வரைபடக் கலைஞரே சொல்லிவிட்டார், அதற்கு எடை கிடையாது. தலைநகரத்தை மடிப்பிலிருந்து இருபது மில்லிமீட்டர் கிழக்கே நகர்த்தியிருக்கிறார். கதையில் அது ஆற்றின் மேற்குக் கரையில் இருந்தது, எனவே ஆற்றையும் நகர்த்த வேண்டியதாயிற்று.

மூன்று பாகங்களும் முடியும்வரை காத்திருங்கள் என்ற மெய்ப்புமேசை அவர்களின் யோசனையைப் பல முறை படித்தேன். அறிவுக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் இன்னும் மூன்று ஆண்டுகள் கெட்டி அட்டை இல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனவே செப்பனிடலைக் கைப்பணத்தில் இந்த மாதமே தொடங்குகிறேன். அது முடியும்வரை திட்டத்தைத் தொடங்குவதில்லை. இடைப்பட்ட காலத்தில் இதே உலகில் நடக்கும் ஒரு குறுநாவலை இலவசமாக வெளியிட்டு, மின்னஞ்சல் பட்டியல் 1,200ஐத் தொடும்வரை காத்திருப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். தொடவில்லை என்றால் எளிய பதிப்பாகத் தேவைக்கேற்ப அச்சிட்டுக்கொள்கிறேன். மூன்று அத்தியாயங்களையும் பிடிஎஃப் ஆக வைத்துவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று மிச்சமிருக்கிறது. அட்டை ஓவியர் வேறொரு வேலைக்குப் போகும் முன் அடுத்த வாரமே வரையத் தொடங்க விரும்புகிறார். பக்க எண் உறுதியாகாமல் முதுகின் அகலத்தை அவருக்கு எப்படிச் சொல்வது?

ஏட்டுச்சுவடி எழுதிய பதில்:

ஓவியரை நிறுத்த வேண்டாம், அகலத்தைச் சொல்லவும் வேண்டாம். செப்பனிட்ட பிறகு 432 பக்கம் வருவதாக வைத்துக்கொண்டால் 216 தாள். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் 0.10 மில்லிமீட்டர் தடிமன். அதே எடையில் உப்பலான பழுப்புத் தாள் 0.13 வரை போகும். முதலாவதில் உள்பக்கங்களின் தடிமன் 22 மில்லிமீட்டர், இரண்டாவதில் 28. பக்கம் குறையாமல் 480ஆகவே நின்றால் உப்பலான தாளில் 31. ஆகவே 22 முதல் 31 வரை எதுவும் நடக்கலாம், கெட்டி அட்டையின் தடிமன் அதற்கு மேல்.

முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றையும் ஒரே நீள ஓவியமாக, முதுகுக்கு 45 மில்லிமீட்டர் விட்டு வரையச் சொல்லுங்கள். அந்தப் பட்டையில் முகமோ கையோ வாளோ வராமல், வானமோ மூட்டமோ மட்டும் இருக்கட்டும். பின்னால் வெட்டிக் குறைத்தாலும் ஓவியத்துக்குச் சேதம் வராது. தலைப்பெழுத்துகளை ஓவியத்தோடு சேர்த்து வரையாமல் தனி அடுக்காகத் தரச் சொல்லுங்கள். வெளி விளிம்புகளைப் பொறுத்தவரை, மேலுறை என்றால் வழக்கமான வெட்டு மிச்சத்தோடு இருபுறமும் உள்மடிப்புக்கும் ஓவியம் நீள வேண்டும், மடிப்பில்லாமல் அட்டையிலேயே ஒட்டுவதாக இருந்தால் சுற்றிலும் 20 மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும். இரண்டில் எது என்பதை அவர் தூரிகை எடுக்கும் முன் நீங்கள் சொல்லியாக வேண்டும், அது மட்டும் பக்க எண்ணுக்காகக் காத்திருக்காது.